மர்லீனைக் காக்கும் துப்பாக்கி

ராய்ஸ் ஹேட்லி பேச எழுந்தால் எங்கள் கவுண்டியில், அதாவது எங்கள் சின்ன மாவட்டத்தில், யாரும் இருமக்கூட மாட்டார்கள். அவர் அரசியல்வாதி இல்லை, வக்கீலும் இல்லை. ஆழ்துளைக் கிணறு போடுகிறவர். இந்த வறண்ட மேட்டு நிலத்தில் எந்தப் பண்ணைக்குப் போய்க் குழாயைத் திறந்தாலும், பெரும்பாலும் அவர் தோண்டிக் கொடுத்த தண்ணீர்தான் வரும். அதனால் அவர் சொன்னால் கேட்பார்கள்.

ஜனங்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் போலீஸ் தலைவர்தான் ஷெரிஃப்; அவர் அலுவலகத்தில் அவசர அழைப்புகளை எடுப்பவள் நான். பெயர் பெவ். ஹேட்லி வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் ஒரு வேலிதான். அவர் மனைவி மர்லீனும் நானும் ஒரே தேவாலயத்தில் பாடுகிறோம். இதில் பாதி நான் கண்ணால் பார்த்தது, மீதி மர்லீன் என்னிடம் சொன்னது.

அந்த ஆண்டு மாநிலத் தலைநகர் டென்வரில் ஒரு புதுச் சட்டம் போட்டார்கள். ஒருவர் தனக்கோ பிறருக்கோ ஆபத்து உண்டாக்கிவிடுவார் என்று வீட்டாரோ போலீஸோ நீதிபதியிடம் முறையிட்டால், அவரிடம் இருக்கும் துப்பாக்கிகளைச் சில காலத்துக்கு வாங்கி வைத்துக்கொள்ளலாம். அவர் குற்றம் எதுவும் செய்திருக்க வேண்டியதில்லை. இந்தக் கடைசி வார்த்தைதான் எங்கள் ஊரைக் கிளப்பிவிட்டது. கவுண்டி கமிஷனர்கள் கூட்டம் போட்டார்கள். உட்கார இடமில்லாமல் ஜனங்கள் வாசல்வரை நின்றார்கள். ராய்ஸ் தொப்பியைக் கழற்றி நாற்காலியில் வைத்துவிட்டு எழுந்தார்.

"துப்பாக்கி வெச்சுக்கலாம்னு அரசியல் சாசனத்துல இருக்கிற இரண்டாவது திருத்தம் நமக்கு எதையும் குடுக்கலை," என்றார். "அது அரசாங்கத்தைப் பார்த்து, கையை எடுன்னு சொல்லுது. அவ்வளவுதான். என் வீட்டுல திருடன் புகுந்தா, பெவ் போனை எடுத்து, ஷெரிஃப் லியோ வண்டியை எடுத்து, எங்க வீட்டுக்கு வந்து சேர்றதுக்குள்ள எனக்குக் காரியமே முடிஞ்சிடும். லியோ மேல குத்தமில்லை, தூரம் அப்படி. என் துப்பாக்கி மானுக்காக மட்டும் இல்லை. தப்பே பண்ணாத ஒருத்தன்கிட்டேர்ந்து, இனிமே பண்ணுவான்னு சொல்லிப் பிடுங்கலாம்னா, எதைத்தான் பிடுங்க முடியாது? நல்லதுக்குத்தான்னு சொல்லிட்டுத்தான் எல்லாரும் வருவாங்க."

கைதட்டல் அடங்க நேரமானது. நானும் தட்டினேன். என் வண்டியிலும் ஒரு கைத்துப்பாக்கி எப்போதும் இருக்கும். ஷெரிஃப் லியோ அர்ச்சுலேட்டா எழுந்து, "இந்தச் சட்டத்தைத் தூக்கிட்டு நான் யார் வீட்டு வாசலுக்கும் போகமாட்டேன்," என்று எல்லார் முன்னாலும் வாக்குக் கொடுத்தார். லியோவும் ராய்ஸும் ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் எல்க் மான் வேட்டைக்கு ஒன்றாக மலையேறுகிறவர்கள். இந்தச் சட்டத்தை எங்கள் கவுண்டியில் நடத்தமாட்டோம் என்ற தீர்மானம் ஒரே குரலில் நிறைவேறியது.

அதற்கு முன்பு, சட்டம் இன்னும் விவாதத்தில் இருந்தபோது, ராய்ஸ் டென்வர் சட்டசபைக்கே போய்ச் சாட்சி சொல்லியிருந்தார். அதே நாள், அதே மைக்கில், சட்டம் வேண்டும் என்று பேசியவர்களில் ஒருத்தி அவருடைய ஒரே மகள் டெஸ். டென்வரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் நர்ஸ். குண்டடிபட்டு வருகிறவர்களைத் தினமும் பார்க்கிறவள். ஒரு தாய், மகனுடைய துப்பாக்கியை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள் என்று போலீஸைக் கெஞ்சியிருக்கிறாள். சட்டத்தில் இடமில்லை என்று அனுப்பிவிட்டார்கள். அடுத்த வாரம் மகனைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். தானே சுட்டுக்கொண்டிருந்தான். அவன் முகத்தைத் துணியால் மூடியது நான்தான் என்று டெஸ் அங்கே சொன்னாள்.

வெளியே நடைபாதையில் அப்பாவும் மகளும் எதிரெதிரே வந்தார்கள்.

"எங்கப்பா ரைஃபிள்லேர்ந்து என்னோடது வரைக்கும், ஒண்ணும் உன் கைக்கு வராது," என்றார் ராய்ஸ்.

"எனக்கு வேண்டவே வேண்டாம்," என்றாள் அவள்.

அதோடு சரி. பிறகு அம்மாவோடு மட்டும் போனில் பேசுவாள். பின்னால் அப்பா இருமும் சத்தம் கேட்டால், பேச்சை நிறுத்திவிட்டு அதைக் கேட்பாளாம். மர்லீன் சொல்லியிருக்கிறாள்.

சில வருஷங்கள் போயின. ராய்ஸுக்கு முதலில் பெயர்கள் மறந்தன. வயசானால் யாருக்குத்தான் மறக்காது என்று நாங்கள் விட்டுவிட்டோம். பிறகு தீவனம் வாங்கப் போனவர் வீட்டுக்குத் திரும்ப வழி தெரியாமல், தான் தோண்டிய கிணற்றுப் பக்கத்திலேயே வண்டியை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தார். டாக்டர் பார்த்துவிட்டு நோயின் பெயரைச் சொன்னார். மர்லீன் அதை ஊரில் யாரிடமும் சொல்லவில்லை. சட்டைப் பொத்தானைச் சரியாகப் போட்டுவிடுவாள், அவர் தடுமாறும் இடத்தில் வார்த்தையை எடுத்துக் கொடுப்பாள். கடைத்தெருவில் பார்த்தவர்களுக்கு அவர் பழைய ராய்ஸாகவே தெரிந்தார்.

ஆனால் வீட்டுக்குள் யாரோ வந்து போகிறார்கள் என்று அவருக்கு ஒரு எண்ணம் வந்துவிட்டது. மூக்குக் கண்ணாடி காணவில்லை என்றால் அவன் எடுத்துவிட்டான். கதவு திறந்திருந்தால் அவன் வந்திருக்கிறான். துப்பாக்கிகளை வைத்துப் பூட்டும் இரும்பு அலமாரியிலிருந்து கைத்துப்பாக்கியை எடுத்துத் தலையணைக்கு அடியில் வைக்க ஆரம்பித்தார். மர்லீன் அதைத் திரும்ப உள்ளே வைத்துப் பூட்டுவாள். அவர் மறுபடி திறந்து எடுப்பார். மகள் பெயர் ஒரு சமயம் வராது, பூட்டின் எண் மட்டும் விரலிலேயே இருந்தது.

ஒரு நாள் காலை மர்லீன் சமையலறையில் முட்டை பொரித்துக்கொண்டிருந்தாள். பின்னால் அவர் குரல் கேட்டது.

"கையை மேசை மேல வைங்க, மேடம்."

திரும்பினாள். உள்சட்டையோடு நின்றுகொண்டு, இரண்டு கையாலும் துப்பாக்கியை அவள் நெஞ்சுக்கு நேராகப் பிடித்திருந்தார். விரல் விசையில் இருந்தது.

"யார் நீங்க? என் வீட்டுக்காரி எங்க?"

நாற்பது வருஷத்துக்கு மேல் கூட வாழ்ந்தவள். ராய்ஸ், நான்தான் என்று அவள் கத்தியிருந்தால் என்ன ஆகியிருக்குமோ தெரியாது. அந்த வார்த்தை எங்கிருந்து வந்தது என்று அவளுக்கே புரியவில்லையாம்.

"மர்லீன்தான் என்னை அனுப்பினாங்க," என்றாள். "அவங்க தங்கச்சி வீடு வரைக்கும் போயிருக்காங்க. நீங்க எழுந்ததும் காபி போட்டுக் குடுக்கச் சொன்னாங்க."

"எங்கிட்டச் சொல்லவே இல்லையே."

"நீங்க தூங்கிட்டிருந்தீங்க. எழுப்ப மனசு வரலையாம்."

அவர் யோசித்தார். "அப்படித்தான் பண்ணுவா," என்றார். துப்பாக்கி கொஞ்சம் தாழ்ந்தது.

"சர்க்கரை ரெண்டுதானே?"

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"மர்லீன் சொல்லிட்டுப் போனாங்க."

ராய்ஸ் உட்கார்ந்து துப்பாக்கியைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். "மன்னிக்கணும் மேடம். காலம் கெட்டுக் கிடக்கு. இந்த வீட்டுக்குள்ள ஒருத்தன் வந்து போறான். அவ தனியா இருக்கிற நேரத்துல ஏதாவது ஆச்சுன்னா நான் இருந்து என்ன பிரயோஜனம்?" காபியை ஒரு வாய் குடித்தார். "நல்லா இருக்கு. நீங்க கல்யாணம் ஆனவங்களா?"

"ஆமா."

"நல்ல மனுஷனா?"

"ரொம்ப நல்ல மனுஷன்," என்றாள் மர்லீன்.

அன்று மத்தியானமே அவள் எங்கள் அலுவலகத்துக்கு வந்தாள். என்னைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்துவிட்டு நேராக லியோவின் அறைக்குள் போனாள். கதவை அவள் சாத்தவில்லை. எல்லாவற்றையும் சொன்னாள், குரல் உயராமல்.

லியோ பேனாவை மூடி வைத்தார். பிறகு, "மறைச்சு வெச்சிடுங்களேன்," என்றார்.

"எங்க மறைக்கிறது? அது அவர் கட்டின வீடு, லியோ. அவர் கைக்குத் தெரியாத மூலை அங்க இல்லை. துப்பாக்கியைக் காணோம்னா திருடன் வந்துட்டான்னு இன்னும் மோசமா ஆயிடுவார். சமையல் கத்தியை எடுத்துட்டு வீடு முழுக்கத் தேடினார் போன வாரம்."

"அந்தச் சட்டத்தை எடுக்கச் சொல்றீங்களா? வேண்டாம்னு எழுந்து நின்னு சொன்னதே அவர்தானே. நான் வாக்குக் குடுத்ததும் அவர் கையைப் பிடிச்சுத்தான்."

"எந்தச் சட்டம்னு எனக்குத் தெரியாது. நாளைக்குக் காலையில அவர் எழுந்து கேட்டா நான் யாருன்னு சொல்லணும், அதுதான் தெரியலை."

சட்டம் வேண்டாம், முதலில் நல்லபடியாகக் கேட்டுப் பார்க்கலாம் என்று லியோ சொன்னார். ராய்ஸ் தெளிவாக இருக்கும் நேரம் பார்த்துச் சொல்லுங்கள், நான் வந்து வாங்கிக்கொள்கிறேன் என்றார்.

தெளிவு வந்தது. இரண்டு நாள் கழித்து, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, ராய்ஸ் ஜன்னல் வழியே மலையைப் பார்த்துக்கொண்டு, "எனக்கு என்னமோ ஆயிட்டு வருது, மர்லீன்," என்றார். அவள் அவர் எதிரில் உட்கார்ந்து, சமையலறையில் நடந்ததைச் சொன்னாள்.

"நானா?"

"நீதான், ராய்ஸ்."

"விரல் எங்க இருந்தது?"

அவள் சொல்ல யோசித்தாள். ஆனால் அவரிடம் பொய் சொல்லிப் பழக்கமில்லை. முதல் பொய்யே அந்தக் காலையில் சொன்னதுதான். "விசையில," என்றாள்.

அவர் தன் வலது கையைப் பார்த்தார். எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். "லியோவைக் கூப்பிடு. எல்லாத்தையும் எடுத்துட்டுப் போகட்டும். நான் வேற மாதிரி சொன்னாலும் கேக்கக் கூடாதுன்னு சொல்லு."

அழைப்பு என்னிடம்தான் வந்தது. லியோ அப்போதே கிளம்பினார். ஆனால் நெடுஞ்சாலையில் ஒரு லாரி கவிழ்ந்து வழியை அடைத்துக் கிடந்தது. சில மணி நேரம் கழித்து லியோ வண்டி ஹேட்லி வீட்டு வாசலில் நின்றபோது ராய்ஸ் ரைஃபிளைக் கையில் ஏந்தி முன்வாசல் படியில் நின்றிருந்தார்.

"என்ன லியோ, சீருடையோட வந்திருக்கே?"

"நீங்கதான் வரச் சொன்னீங்க, ராய்ஸ். துப்பாக்கியெல்லாம் கொஞ்ச நாள் எங்கிட்ட இருக்கட்டும்னு."

"நானா சொன்னேன்? நல்லா இருக்குப்பா கதை." அவர் சிரித்தார், பிறகு சிரிப்பு நின்றது. "எழுத்துல ஏதாவது இருக்கா? நீதிபதி கையெழுத்து?"

"இல்லை."

"நான் என்ன தப்பு பண்ணினேன்?"

"ஒண்ணும் பண்ணலை."

"அப்போ என் நிலத்தை விட்டு இறங்கு. நீ வருவேன்னு மத்தவங்க சொன்னப்போ, லியோ அப்படிப்பட்டவன் இல்லைன்னு நான் சண்டை போட்டிருக்கேன்."

மர்லீன் அவர் தோளுக்குப் பின்னால் நின்று அழுதுகொண்டிருந்தாள். லியோ தொப்பியைத் தொட்டு வணங்கிவிட்டுத் திரும்பினார். அலுவலகத்துக்கு வந்து வண்டிச் சாவியை மேசைமேல் போட்டவர், "அவர் சொன்னதுல ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை, பெவ்," என்றார்.

மர்லீன் மகளை அழைத்தாள். டெஸ் அடுத்த நாளே மலைப்பாதையில் வண்டியோட்டிக்கொண்டு வந்து சேர்ந்தாள். வழியெல்லாம் அப்பா என்ன சொல்வார், தான் என்ன பதில் சொல்ல வேண்டும் என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தாளாம். என் வீட்டு விஷயத்தில் தலையிட உனக்கு என்ன உரிமை என்பார். டென்வர்க்காரர்கள் அனுப்பினார்களா என்பார். எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்தாள்.

ராய்ஸ் கொட்டகையிலிருந்து வெளியே வந்தார். கண்ணை இடுக்கிப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"டெஸ்ஸி! வேட்டைக்கு வந்தியா? லைசென்ஸ் எடுத்தியா?"

சண்டையே அவருக்கு நினைவில்லை. நடைபாதை, சட்டசபை, பேசாத வருஷங்கள் எல்லாம் போய்விட்டன. மகள் மட்டும் மிச்சம் இருந்தாள். டெஸ் அவர் சட்டையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். "என்னடி இது, யார் என்ன சொன்னாங்க? வேலையில ஏதாவது தொந்தரவா?" என்று அவள் முதுகைத் தட்டிக்கொண்டே இருந்தார். மன்னிப்புக் கேட்கலாம் என்றால் எதற்கு என்று சொல்ல வேண்டும். அவள் கேட்கவில்லை.

இரண்டு நாள் அப்பாவோடு இருந்தாள். வேலிக்கம்பி கட்டினார்கள், பச்சை மிளகாய்க் குழம்பு வைத்துச் சாப்பிட்டார்கள். மூன்றாம் நாள் காலை, "அப்பா, தாத்தா ரைஃபிளை எனக்குக் குடுப்பீங்களா?" என்று கேட்டாள்.

"உனக்கு இல்லாம வேற யாருக்கு?" என்றார் ராய்ஸ்.

இரும்பு அலமாரியைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார். குண்டு இருக்கிறதா என்று பார்த்து, அவளையும் பார்க்கச் சொல்லி, அதன் கதையைச் சொல்லிக் கொடுத்தார். இது தாத்தா போரிலிருந்து வந்ததும் வாங்கியது. அம்மாவை நான் முதலில் சந்தித்த வருஷம் இதை வைத்துத்தான் எல்க் அடித்தேன். இது உனக்காகவே கைப்பிடியைச் சின்னதாக வெட்டியது, நினைவிருக்கிறதா? அவளுக்கு நினைவிருந்தது. வேலி அருகில் நின்றிருந்த நான் போய்க் கைகொடுத்தேன். நாங்கள் போர்வையில் சுற்றி அவள் வண்டியில் அடுக்கினோம். துப்பாக்கிக்கு எதிராக அத்தனை கூட்டத்தில் பேசியவளின் வண்டி துப்பாக்கியால் நிறைந்தது. "இதை யாராவது போட்டோ எடுத்தா என் வேலை போச்சு, பெவ் அக்கா," என்று அவள் சொன்னாள். சிரித்தோம். அழுகைக்குப் பக்கத்தில் இருந்த சிரிப்பு.

கைத்துப்பாக்கியைக் கேட்டபோது மட்டும் ராய்ஸ் கையை இழுத்துக்கொண்டார்.

"இது கிடையாது."

"எல்லாம் குடுத்தீங்களேப்பா. இதையும் குடுங்க."

"இது அம்மாவுக்காக வெச்சிருக்கேன். உனக்குத் தெரியாது, இந்த வீட்டுக்குள்ள ஒரு பொம்பளை வந்து போறா. சமையல் பண்றா, அம்மாவோட உடுப்பைப் போட்டுக்கறா. அம்மாவை என்ன பண்ணினாங்கன்னே தெரியலை. இது என்கூடத்தான் இருக்கும்."

மர்லீன் கதவருகே நின்று இதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். டெஸ் எவ்வளவோ கெஞ்சியும் அவர் அசையவில்லை. அதை இடுப்பில் செருகிக்கொண்டு, அந்தக் கணத்திலிருந்து வீட்டில் தூங்கும்போதுகூடக் கழற்றவில்லை.

அன்று டெஸ்தான் மனு போடுவதாக இருந்தாள். மகளுக்குச் சட்டத்தில் உரிமை இருந்தது. லியோ அவளை வேண்டாம் என்று தடுத்தார்.

"நீ போட்டா, மகளே காட்டிக் குடுத்தான்னு அவர் நினைப்பார். நினைப்பு எது நிக்கும், எது போகும்னு யாருக்குத் தெரியும்? உன்னை அவர் திரும்பக் கண்டுபிடிச்சிருக்கார். அதைக் கெடுத்துக்காதே. நான் போடறேன்."

"உங்க வாக்கு?"

"அது என் பாடு," என்றார் லியோ.

எங்கள் கவுண்டியில் அந்தச் சட்டத்தின் கீழ் போடப்பட்ட முதல் மனு அது. போட்டவர் போடமாட்டேன் என்றவர். யார்மேல் போட்டாரோ அவர்தான் போடக்கூடாது என்று ஊரைத் திரட்டியவர். தற்காலிக ஆணை கிடைத்ததும் லியோ தனியாக, சாதாரண உடுப்பில் போனார். ராய்ஸும் மர்லீனும் வழிபாட்டுக்காகத் தேவாலய வாசலில் வந்து இறங்கிய நேரம் அது. துப்பாக்கியோடு உள்ளே போகக் கூடாது என்று ராய்ஸே வைத்திருந்த பழைய வழக்கப்படி, அவர் அதை வண்டியின் பெட்டியில் கழற்றி வைத்தார். லியோ அங்கிருந்து எடுத்துக்கொண்டார். வழிபாடு முடிந்து வந்தவரிடம் ஆணையைக் கையில் கொடுத்து, தான் எடுத்ததைச் சொன்னார். ராய்ஸ் காகிதத்தை முழுக்கப் படித்தார். "கோர்ட்டுல பார்ப்போம்," என்றார். குரலில் கோபம்கூட இல்லை, மரியாதைதான் இருந்தது. முறைப்படி வந்த காகிதம் அல்லவா.

விசாரணைக்கு அந்தச் சின்ன அறை கொண்ட மட்டும் ஆட்கள் வந்திருந்தார்கள். முதலில் மர்லீன் சாட்சி சொன்னாள், பிறகு டாக்டர். ராய்ஸ் பக்கத்தில் வக்கீல் இருந்தும், தான் பேச வேண்டும் என்றார். நீதிபதி ஒரு நடுவயதுப் பெண், மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வருகிறவர். பேசுங்கள் என்றார்.

ராய்ஸ் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு எழுந்தார். அன்று போலவே ஒருவரும் இருமவில்லை.

"யுவர் ஆனர், நான் எழுபத்தஞ்சு வருஷமா இந்த ஊர்ல இருக்கேன். ஒருத்தரையும் அடிச்சதில்லை. என் கிணத்துத் தண்ணியைக் குடிக்காதவங்க இந்த ரூம்ல இல்லை. அரசியல் சாசனம் எழுதினவங்க, மனுஷன் தப்பே பண்ணமாட்டான்னு நம்பி எழுதலை. தப்பு பண்ணுவான், அவனைத் தண்டி. ஆனா பண்றதுக்கு முன்னாடியே அவனைக் குத்தவாளி ஆக்காதேன்னு எழுதினாங்க. இன்னிக்கு என் ஞாபகம் சரியில்லைன்னு சொல்றீங்க. இருக்கலாம். ஞாபகம் போனா உரிமையும் போயிடுமா? அப்போ அது உரிமை இல்லை, சலுகை. சலுகையைக் குடுத்தவங்க எடுத்துக்கலாம். உரிமையை யாரும் குடுக்கலை."

எங்கேயும் தடுமாறவில்லை. நீதிபதி பேனாவைக் கீழே வைத்துவிட்டார். என் பக்கத்தில் இருந்தவர், "இவரையா மூளை கலங்கிடுச்சுன்னு சொல்றாங்க," என்று முணுமுணுத்தார். லியோ தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கே, நாம் ஏதோ பெரிய அநியாயம் செய்கிறோமோ என்று தோன்றியது.

"இதுக்கு மேல ஏதாவது சொல்லணுமா, மிஸ்டர் ஹேட்லி?" என்று நீதிபதி கேட்டார்.

"ஒண்ணே ஒண்ணு, யுவர் ஆனர். என் வீட்டுக்காரி வந்திருந்தா என்னைப் பத்தி நல்லா சொல்லுவா. அவளால வர முடியலை போலிருக்கு." அவர் திரும்பி முதல் வரிசையைப் பார்த்தார். மர்லீன் அங்கே நீல உடுப்பில், கைகளைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "வேணும்னா இந்த அம்மாவைக் கேளுங்க. எங்க வீட்டுக்கு உதவிக்கு வர்றவங்க. ரொம்ப நல்லவங்க. நான் இவங்ககிட்ட எப்படி நடந்துக்கறேன்னு இவங்க சொல்லுவாங்க."

மர்லீன் எழுந்து நின்றாள். "அவர் எங்கிட்ட எப்பவும் மரியாதையாத்தான் நடந்துப்பார், யுவர் ஆனர்," என்றாள். உடனே உட்கார்ந்துகொண்டாள்.

நீதிபதி எழுந்தார். கொஞ்ச நேரம் உள்ளே போய்விட்டு வந்து, ராய்ஸ் கையில் துப்பாக்கி இருக்கக் கூடாது என்ற ஆணையை வாசித்தார். ஒரு வருஷம். அதற்குப் பிறகு மறுபடி பார்க்கலாம் என்றார். "மிஸ்டர் ஹேட்லி, நீங்க சொன்னதுக்கு என்கிட்ட முழுப் பதில் இல்லை. அதை நான் ஒத்துக்கறேன்," என்றும் சொன்னார். நீதிபதிகள் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

வெளியே படிக்கட்டில் ராய்ஸ் நின்றுகொண்டிருந்தார். அதற்குள் உள்ளே நடந்தது எல்லாம் அவர் நினைவில் கலைந்துபோயிருந்தது. பக்கத்தில் வந்து நின்ற லியோவிடம் கேட்டார்.

"உள்ள ஒருத்தனோட துப்பாக்கியை வாங்கிட்டாங்களே, அவன் என்னப்பா பண்ணினான்?"

"ஒண்ணும் பண்ணலை, ராய்ஸ்."

"பாவம். அவனுக்குக் கூட யாராவது இருக்காங்களா?"

"இருக்காங்க."

"நீயும் கூட நில்லு. இந்த மாதிரி நேரத்துல தனியா விடக் கூடாது."

"நிக்கறேன்," என்றார் லியோ. அவர் கையைப் பிடித்துப் படியிறங்க வைத்தார்.

அடுத்து வந்த ஷெரிஃப் தேர்தலில் லியோ தோற்றார். வாக்கு மாறினவர் என்று சுவரொட்டி அடித்தார்கள். அவர் தன் பக்கத்து நியாயத்தைச் சொல்லியிருக்கலாம். சமையலறையில் நடந்ததைச் சொன்னாலே பாதிப் பேர் மனம் மாறியிருப்பார்கள். அது ஹேட்லி வீட்டு விஷயம் என்று வாயைத் திறக்கவில்லை. நீதிமன்றத்தில் கேட்டவர்களும் வெளியே அதைப் பேசவில்லை. இப்போது அவர் தீவனக் கடை ஒன்றைப் பார்த்துக்கொள்கிறார். புதிய ஷெரிஃப் சட்டத்தைத் தொடமாட்டேன் என்றுதான் ஜெயித்தவர். ஆனால் மாதத்துக்கு ஒருவராவது எங்கள் அலுவலகத்துக்குப் பின்வாசல் வழியாக வருகிறார்: அண்ணன் குடியை விட முடியாமல் தவிக்கிறான், அம்மா போனதிலிருந்து அப்பா சரியில்லை, துப்பாக்கி கொஞ்ச நாள் இங்கே இருக்கட்டும் என்று. அவர்களே மனசார ஒப்படைப்பதால் அதற்குச் சட்டம் வேண்டியதில்லை. அவரும் ஒன்றும் கேட்காமல் வாங்கிப் பூட்டி வைக்கிறார். தீர்மானம் இன்றைக்கும் அப்படியே இருக்கிறது. அதை நீக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

ராய்ஸ் அடுத்த குளிர்காலத்தில் நிமோனியாவில் போனார். கடைசி மாதங்களில் டெஸ் வேலைக்கு விடுப்பு எடுத்துக்கொண்டு வந்து அவரைப் பார்த்துக்கொண்டாள். சாவதற்குக் கொஞ்ச நாள் முன்பு ஒரு மத்தியானம் மர்லீன் அவருக்குத் தலை வாரிவிட்டபோது, "எங்க போயிருந்தே இத்தனை நாளா?" என்று கேட்டார். "இங்கதான்," என்றாள் அவள்.

இந்த வருஷம் சட்டசபையில் அந்தச் சட்டத்தை இன்னும் விரிவாக்குவதற்கு விவாதம் வந்தது. டெஸ்ஸை மறுபடி பேச அழைத்தார்கள். போகலாமா என்று அம்மாவைக் கேட்டாள்.

"போ. ஆனா உன் பக்கத்தை மட்டும் சொல்லாதே. அவர் கோர்ட்டுல கேட்ட கேள்வியையும் சொல்லு."

அவள் இரண்டையும் சொன்னாள். அப்பா அம்மாவைக் குறிபார்த்ததைச் சொன்னாள். ஞாபகம் போனால் உரிமையும் போகுமா என்று அவர் கேட்டதைச் சொன்னாள். இந்தச் சட்டம் என் அம்மாவைக் காப்பாற்றியது, அது என் அப்பாவைப் புண்படுத்தியதும் உண்மை, இரண்டையும் தெரிந்துகொண்டு ஓட்டுப் போடுங்கள் என்று முடித்தாள். அழைத்தவர்களுக்கு அது பிடிக்கவில்லை. எதிர்ப்பக்கத்தில் இருந்தவர்களுக்கும் பிடிக்கவில்லை. யாரும் கை தட்டவில்லை என்று போனில் சொன்னாள்.

மர்லீன் என் வீட்டில் உட்கார்ந்து, டெஸ் பேசிய பதிவை முழுவதும் கணினியில் பார்த்தாள். முடிந்ததும் என்னை மறுபடி முதலிலிருந்து போடச் சொன்னாள்.